இரண்டாம் தொகுதி

இந்த ஞாயிறு சந்தைச் செய்தி:
சுங்கத்துறையில் இருந்த வால்தெமார் அரிஸ்தேகி
போன மாதம் இறந்துபோனார்.
மோன்டெவிடியோ வீதியோரம்
ஏழு வாழைப்பழப் பெட்டிகளில்
அவருடைய புத்தகங்கள் வந்திறங்கின.

நான் பல் மருத்துவர்.
வாயைத் திறந்ததும்
எது இல்லை என்று முதலில் பார்ப்பவள்.
என் அலமாரியையும் அப்படித்தான் பார்ப்பேன்.
லா பிளாட்டா முகத்துவாரத்துக் காற்றுகளைப் பற்றி
மூன்று தொகுதிகள், இருநூறு படிகளே அச்சானவை.
ஒன்று இருக்கிறது. மூன்று இருக்கிறது.
நடுவில் இருபத்தாறு வருடத்து ஓட்டை.
விரல் தானாக அங்கே போகும்,
பிடுங்கிய இடத்துக்கு நாக்கு போவதுபோல.

இரண்டு அரிஸ்தேகியிடம்.
விற்கமாட்டார். நானும் விற்கமாட்டேன்.
சந்தையில் பார்த்தால்
"எப்படி இருக்கிறது இரண்டு?" என்பேன்.
"தனியாக நன்றாகத் தூங்குகிறது" என்பார்.
ஒருமுறை அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன்.
மரத்துப்போன வாயோடு,
நான் கேட்கும் முன்பே,
இல்லை என்று தலையை ஆட்டினார்.

பெட்டிகளைச் சுற்றி எங்கள் ஆட்கள்.
துக்க முகம், கண்கொத்திப் பாம்பின் கண்.
வேண்டியதை முதலில் தொடக்கூடாது,
இது எங்கள் தொழில் ரகசியம்.
அடுப்பெண்ணெய் வாடை வீசும்
ஒரு சமையல் புத்தகத்தை எடுத்து
ஆட்டுக்கறிப் பக்கத்தை வெகு நேரம் படித்தேன்.
பிறகு, ஐந்தாவது பெட்டி. அடியில்.
பச்சைத் துணி அட்டை.

அட்டையில் குண்டூசித் துளை.
இராமபாணப் பூச்சி
நேர்கோட்டில் எழுபதாம் பக்கம் வரை போயிருந்தது.
அரிஸ்தேகி போகவில்லை.
தாள்களின் மடிப்பு ஒன்றுகூட வெட்டப்படவில்லை.
அச்சகம் அனுப்பிய கோலத்திலேயே
வாயை மூடிக்கொண்டு இருந்தது புத்தகம்.

"இத்தனை வருடம் வைத்திருந்து
படிக்கவே இல்லையா உன் அப்பா?"
மகள் சுல்மா மாத்தே பானத்தை ஒரு இழுப்பு இழுத்தாள்.
"ஒன்று இல்லாமல் இரண்டை எப்படித் தொடங்குவது என்பார்.
ஒன்று யாரோ ஒரு பல் டாக்டரிடம் மாட்டிக்கொண்டதாம்.
கேட்டால் கொடுக்கமாட்டாளாம்."
"கேட்டாரா?"
"தெரியாது."

கேட்கவில்லை.

என் மூன்றாம் தொகுதியும் வெட்டப்படாமல்தான் இருக்கிறது
என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

சமையல் புத்தகத்தோடு சேர்த்து விலை போட்டாள்.
பேரம் பேச வாய் வரவில்லை;
பேசாவிட்டால் சந்தேகப்படுவாளே என்று
ஒப்புக்கு இருபது பேசோ குறைத்துக் கேட்டேன்.
குறைத்தாள். வெட்கமாக இருந்தது.

வீட்டில், அலமாரி ஓட்டையில் அது நுழையவில்லை.
என் ஒன்றாம் தொகுதியை யாரோ எப்போதோ
ஓரம் சீவி மறுகட்டுப் போட்டிருக்கிறார்கள்.
இது ஒரு விரல்கடை உயரம்.
மேல் தட்டை முட்டிக்கொண்டு நின்றது,
சிங்கப்பல் மாதிரி.

இரவு தென்கிழக்குக் காற்று சன்னலை உலுக்கியது.
சிமெண்ட் குழைக்கும் தட்டைக் கரண்டியால்
முதல் மடிப்பைக் கிழித்தேன்.
உள்ளிருந்து ஒரு சீட்டு விழுந்தது.
என் கையெழுத்து:
கடைவாய்ப் பல் ஒன்று, தொகை பெற்றுக்கொண்டேன்.
திறக்காத மடிப்புக்குள்
மேல் இடுக்கு வழியாக
எப்படிச் செருகினாரோ.

படித்தேன்.
அட்டவணைகள்.
காலை ஏழு மணி, தெற்கு, மிதமானது.
காலை எட்டு மணி, தெற்கு, மிதமானது.
ஆசிரியர் கடலையே பார்த்ததில்லை என்று
பத்தாம் பக்கத்தில் சந்தேகம் வந்தது,
முப்பதில் உறுதியானது.
எழுபதில் மூடி வைத்தேன்.
பூச்சியும் அங்கேதான் விட்டிருந்தது.

இதைச் சொன்னால்
மேசையைத் தட்டிச் சிரிக்கக்கூடிய ஆள்
இந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார்.

மூன்றை இன்னும் வெட்டவில்லை.